பழைய விமானங்களோடு நின்ற ஞானதாஸ்

நெய்யாற்றின்கரையில் கண் ஆஸ்பத்திரி ஒன்றில் சொட்டு மருந்து விட்டு என்னை உட்கார வைத்திருந்தார்கள். பையில் கைபேசி அடித்தது. எடுத்துப் பார்த்தால் எல்லாம் புகைமூட்டம், பெயரைப் படிக்க முடியவில்லை. காதில் வைத்ததும் ஞானதாஸின் மனைவி லில்லிபாயின் குரல்.

“அண்ணா, அவரு போயாச்சு.”

“எங்கே?” என்று கேட்டுத் தொலைத்தேன். எழுபது வயதைத் தாண்டியவனுக்கு இந்தக் கேள்வி ஆகுமா?

“காலத்தே சாய குடிச்சாரு. கிளாஸ கழுவி வச்சுட்டு வாறதுக்குள்ள தலெ சாஞ்சு கெடக்கு” என்றாள்.

டாக்டரிடம் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து, வழி தெரியாத கண்ணோடு பாறசாலைக்கு ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, “எந்தா சாரே, கரயுகயாணோ?” என்று கேட்டார். அழவில்லை, கண்ணுக்கு மருந்து விட்டிருக்கிறது என்றேன். அதில் பாதி உண்மை.

நம் முன்னாள் படைவீரர் கூட்டத்தில் ஞானதாஸைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். வெள்ளறடையிலிருந்து கடற்கரை வரைக்கும் அவன் ‘பிளேன் சாரு’. அஞ்சலி எழுதும்போது ‘அவர்’ என்று எழுதுவதுதான் முறை. எனக்கு அது வராது. ‘அவர்’ என்று எழுதினால் கல்லறையிலிருந்து எழுந்து வந்து, “எலே மணியா, யாரைப் பத்தி எழுதுதே?” என்று கேட்டுவிடுவான். நான் குளத்தூர்க்காரன், அவன் பாறசாலைக்காரன். ஒரே நாளில் விமானப்படையில் சேர்ந்தோம், எஞ்சின் மெக்கானிக்குகளாக ஒரே தளத்துக்குப் போனோம். வடக்கே, மலைகளுக்குக் கீழே இருந்த அந்தத் தளத்தின் வேலை சாமான் சுமப்பது. மலை உச்சியில் காவல் நிற்கிறவர்களுக்கு அரிசி, மண்ணெண்ணெய், உயிருள்ள ஆடு எல்லாம் எங்கள் விமானங்களில்தான் போகும். சண்டை விமானக்காரர்கள் எங்களை மாட்டுவண்டி என்று கேலி செய்வார்கள். ஞானதாஸ் சிரித்துக்கொண்டே, “மாட்டுவண்டி போவல்லன்னா நீங்க பட்டினியாக்கும்” என்பான்.

அடக்கமான மனிதன் என்று அவனைப் பற்றி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெருமை அடிப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் எஞ்சின் விஷயத்தில் அவன் அடித்த பெருமை அவ்வளவும் உண்மை. எங்கள் பழைய விமானங்களில் ஒரு பழக்கம் உண்டு. இரவு முழுவதும் நின்ற எஞ்சினைக் காலையில் எடுத்தவுடனே கிளப்பினால், உள்ளே தேங்கிய எண்ணெயால் உடைந்து போகும். அதனால் முதலில் நாலைந்து பேர் சேர்ந்து புரொப்பெல்லரைக் கையால் தள்ளிச் சுற்ற வேண்டும். பனிக்காலத்தில் அந்த இரும்பைத் தொட்டால் விரல் கழன்று விழுவது போல இருக்கும். நாங்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி ஒதுங்குவோம். அவன் மட்டும் முதலில் போய் நிற்பான். தள்ளும்போதே காதைச் சாய்த்துக் கேட்பான். “இண்ணைக்கு இது போவாண்டாம்” என்று அவன் சொன்னால் அந்த விமானம் போகாது. அதிகாரிகளும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

அவனுடைய அப்பா ஒரு பெரிய வீட்டுக்காரரின் தென்னந்தோப்பில் குடிகிடப்புக்காரர். குடிசை அவருடையது, அது நிற்கிற மண் தோப்புக்காரருடையது. இறங்கு என்றால் அடுப்பையும் சட்டியையும் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். நிலச் சட்டம் வந்தபோது அந்தக் குடிசையைச் சுற்றியுள்ள பத்து சென்ட் அவர்களுக்குச் சொந்தமாயிற்று. சேதி தளத்துக்கு வந்த அன்று ஞானதாஸ் கடையில் இருந்த ஜிலேபியை எல்லாம் வாங்கிக் கொடுத்தான். “இனி எங்கள ஒருத்தனும் இறக்க முடியாது, கேட்டியா?” என்று கட்டில் கட்டிலாகப் போய்ச் சொன்னான். தமிழ் தெரியாத பஞ்சாபிக்காரனிடமும் தமிழிலேயே சொன்னான். அவனும் புரிந்தது போலக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

சொந்த மண் வந்தால் அதன்மேல் வீடு வேண்டும். அந்த வருடங்களில் வீடு என்றால் வளைகுடாதான். பாறசாலையிலும் காட்டாக்கடையிலும் ஆளுக்கு ஆள் விமானம் ஏறினார்கள். ஓலைக்கூரைகள் போய்க் கான்கிரீட் வந்துகொண்டிருந்தது. லில்லிபாயின் அண்ணன் பஹ்ரைனிலிருந்து ஞானதாஸுக்கு விசா அனுப்பினார். விமான நிலையத்தில் எஞ்சின் வேலை. படையில் அவனுக்கு ஒப்பந்தக் காலமும் முடிகிற நேரம். வெளியே வரலாம், அல்லது நீட்டித்துக்கொள்ளலாம். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம்.

அவன் நீட்டித்தான். காரணம் புது விமானம். சாமான் சுமக்கும் பழைய விமானங்களை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு ருஷ்யாவிலிருந்து புதியவற்றைக் கொண்டுவரப் போகிறார்கள் என்ற பேச்சு அப்போது உறுதியாகிவிட்டது. புது எஞ்சின், பின்பக்கம் முழுவதும் கதவாகத் திறந்து பாலம் போலக் கீழே இறங்கும், ஜீப்பை அப்படியே உள்ளே ஓட்டிப் போகலாம். ஞானதாஸுக்கு அதைக் கேட்டதிலிருந்து உறக்கம் இல்லை. லீவில் வந்து லில்லிபாயிடம் சொல்லியிருக்கிறான்: “அதுல வேல படிச்சுட்டேன்னு வையி, பின்னே எந்த நாட்டுக்காரனும் தேடி வருவான். ரெண்டே கொல்லம் பொறு, பிள்ளே.” இரண்டு வருடம்தானே என்று அவள் விசாவைத் திருப்பி அனுப்பச் சம்மதித்தாள். ஓலைக்குப் பதில் ஓடு மட்டும் போட்ட வீடும் இரண்டு பசுவும் கைக்குழந்தையுமாகப் பொறுத்துக்கொண்டாள்.

ருஷ்யாவுக்குப் பயிற்சிக்குப் போகிறவர்களின் பெயரை வாசித்தபோது நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். என் பெயர் வந்தது. அவன் பெயர் வரவில்லை. தளபதி அவனைத் தனியே கூப்பிட்டுத் தோளில் தட்டிச் சொன்னாராம்: புதியவை வந்து சேர்வதற்கு வருடங்கள் ஆகும், அதுவரை பழையவை மலைக்குப் போய்த்தான் ஆக வேண்டும், உன்னையும் அனுப்பிவிட்டால் அவற்றைப் பார்க்க யார் இருக்கிறார்கள்? அவன் சல்யூட் அடித்துவிட்டு வெளியே வந்தான். காய்த்த மரம்தான் கல்லடி படும் என்பார்கள். நான் காய்க்காத மரம், என்னை அனுப்பினால் யாருக்கும் நஷ்டமில்லை. “எலே மணியா, வேலைய நல்லா படிச்சது தப்பாப் போச்சுலே” என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

நான் பயிற்சி முடித்துத் திரும்பியதும் அவன் என்னை விடவில்லை. சாப்பாட்டு மேசையில், குளிக்கிற இடத்தில், எங்கே கண்டாலும் கேள்வி. கதவு இறங்கும்போது சத்தம் எப்படி இருக்கும்? எஞ்சின் கிளம்ப எவ்வளவு நேரம் எடுக்கும்? முதல் நாள் அங்கே நான் பழக்கதோஷத்தில் புரொப்பெல்லரைத் தள்ளப் போய், பயிற்சி கொடுத்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த கதையையும் சொன்னேன். நானும் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. “அப்ப அதெத் தள்ளவே வேண்டாமா?” என்று மட்டும் கேட்டான்.

இத்தனை கேள்வி எதற்கு என்று அடுத்த லீவில்தான் தெரிந்தது. பாறசாலைக் கடைத்தெருவில் நானும் அவனும் சாயா குடிக்கப் போனோம். வளைகுடாவிலிருந்து வந்திருந்த ஒருவர் சென்ட் மணக்க உட்கார்ந்திருந்தார்.

“பிளேன் சாரே, அண்ணைக்கே பஹ்ரைன் போயிருந்தா இண்ணைக்கு வீடு டெரஸ் ஆயிருக்கும்லா?” என்றார்.

“நீங்க பிளேன்ல கேறி இருப்பிய. நான் அதெப் பறக்க வைக்கேன். வித்தியாசம் உண்டு” என்றான் ஞானதாஸ்.

பிறகு புது விமானத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். கதவு இறங்குவதும் ஜீப் ஏறுவதும் எல்லாம் நான் சொன்னது. ஆனால் எனக்கே தெரியாத அழகோடு சொன்னான். சாயாக் கடை வாயைப் பிளந்து கேட்டது. நடுவில் ஒருமுறை என்னைப் பார்த்தான். “ஆமா, அப்படியாக்கும்” என்றேன். வேறு என்ன சொல்வது? வீட்டிலும் அதே கதைதான் என்று புரிந்துகொண்டேன். புது விமானத்துக்காக விசாவை விட்டவன், அந்தப் புது விமானமும் இல்லை என்று எந்த முகத்தோடு மனைவியிடம் சொல்வான்? அன்றிலிருந்து நானும் வாயைத் திறக்கவில்லை.

புதியவை வந்தன. அவற்றை நிறுத்தக் கட்டிய புது ஹேங்கருக்கு நாங்கள் போனோம். ஓடுபாதையின் மறுபக்கத்தில் அவனும் பழைய விமானங்களும் மிஞ்சினார்கள். வருடத்துக்கு ஒன்றிரண்டாக அவை குறைந்தன. ஒன்றை நிறுத்தினால் அதன் உறுப்புகளைக் கழற்றி அடுத்ததற்குப் போடுவான். உதிரிப்பாகம் வருவது நின்றது, இளம் ஆட்கள் வருவது நின்றது. அவன் நிற்கவில்லை. கடைசி விமானத்தை டிராக்டர் கட்டி இழுத்துப் போனபோது அதன் இறக்கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தான். அத்தோடு அவனுடைய சேவைக் காலமும் முடிந்தது; நான் இன்னும் நீட்டித்திருந்தேன்.

அந்த வாரம் எங்கள் விமானம் ஒன்று திருவனந்தபுரத்துக்குப் புறப்பட இருந்தது. அதில் அவனையும் ஏற்றிக்கொள்ள அனுமதி வாங்கினேன். காலையில் பெட்டியோடு வந்தவன், அதைக் கீழே வைத்துவிட்டு நேராக எஞ்சின் பக்கம் போனான். இரண்டு கையையும் புரொப்பெல்லரில் வைத்து, காலை ஊன்றி, தள்ளுவதற்கு மூச்சுப் பிடித்தான். பக்கத்தில் தள்ள யாரும் வரவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான். விமானத்துக்கு அன்று பொறுப்பு நான். ‘தொடாதே’ என்று சொல்ல வேண்டியவன்.

“இதுக்குத் தள்ளாண்டாம், இல்லியா?” என்றான்.

“வேண்டாம்லே.”

“அப்ப இதுக்கு என்னெ வேண்டாமாக்கும்” என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஏறினான். வழி முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தான். மூடிய கண்ணிலிருந்து நீர் இறங்கிக்கொண்டிருந்தது. நான் கண்டும் காணாதது போல எதிரே உட்கார்ந்திருந்தேன். எங்கள் சிநேகத்தில் அதைவிடக் கஷ்டமான பயணம் வேறு இல்லை.

திருவனந்தபுரத்தில் வேலிக்கு அப்பால் லில்லிபாயும் மகளும் நின்றார்கள். பின்கதவு இறங்கியது. ஞானதாஸ் முகத்தைத் துடைத்து, தொப்பியைச் சரிசெய்து, அந்தப் பாலத்தில் ராஜா மாதிரி நடந்து இறங்கினான். வேலியருகே போனதும் கையைப் பின்னால் காட்டி, “கண்டியா? எனக்க பிளேன்” என்றான். அவள் விமானத்தை ஏற இறங்கப் பார்த்து, “வலிய பிளேனாக்கும்” என்றாள். நல்ல வேளை, நம்பிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அந்தப் பத்து சென்டில் அவன் வாழை வைத்தான், சபைக் கமிட்டியில் சண்டை போட்டான், ஊரில் எந்த வீட்டில் மோட்டார் நின்றாலும் போய்க் காதை வைத்துப் பார்த்தான். கடைசியில் டெரஸ் வீடு வந்ததும் வளைகுடாப் பணத்தில்தான், மகள் குவைத்தில் நர்ஸ். “பஹ்ரைனுக்குப் பதிலா குவைத்து, அவ்வளவுதான்” என்று அவனே சிரிப்பான்.

அடக்கத்தன்று ஆலயத்தில் இரண்டு வார்த்தை பேசும்படி போதகர் என்னிடம் சொல்லியிருந்தார். நாட்டின் புது விமானங்களுக்கு உழைத்தவர் என்று பேச மனத்துக்குள் தயார் செய்திருந்தேன். அவன் காப்பாற்றிய பொய்யை நான் உடைப்பதாவது? சவப்பெட்டியை எடுப்பதற்கு முன் லில்லிபாய் என்னை அடுக்களைப் பக்கம் கூப்பிட்டாள்.

“அண்ணா, அங்க போய் புது பிளேன்னு சொல்லப்பிடாது. அவரு பழைய பிளேனுக்க ஆளாக்கும்.”

நான் அடுக்களைக் கதவைச் சாத்தினேன்.

“ஒவ்வொரு லீவுக்கும் அவருக்க பனியன நானாக்கும் அலக்குவேன். கறுத்த எண்ண. காரம் போட்டு அவிச்சாலும் போவாது. உங்க வீட்டு அண்ணிட்ட கேட்டேன். ‘இவருக்க துணி இப்ப எண்ணயே இல்லாம வருது, புது எஞ்சினுல்லா’ன்னாவ. அண்ணைக்கே அறிஞ்சேன்.”

“ஒரு நாளும் கேக்கல்லியா, பிள்ளே?”

“கேட்டா தலெ குனிஞ்சு நிப்பாரு. எனக்கு அது காணாண்டாம். எனக்க கிட்ட பெருமை அடிக்க அவருக்கு ஒரு பிளேனாவது வேண்டாமா?” என்றாள். பிறகு கேட்டாள்: “அண்ணா, அந்தப் பழசுல கேறிப் போனவிய எல்லாம் திரும்பி வந்தாவளா?”

“வந்தாவ” என்றேன். “இவன் பாத்து விட்டது ஒண்ணும் வராம இருந்ததில்ல.”

“அப்ப அதெச் சொல்லுங்க. ஊரு கேக்கட்டும்.”

ஆலயத்தில் அதைத்தான் சொன்னேன். சாயாக் கடையில் அவன் கதை கேட்டவர்களும் பெஞ்சுகளில் இருந்தார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. இங்கேயும் அதையே எழுதுகிறேன். அவனிடமிருந்து நான் வைத்துக்கொள்வதும் அது ஒன்றுதான். புதியவை வந்து சேரும் வரைக்கும் ஞானதாஸ் பழையவற்றோடு நின்றான். அவன் தள்ளிக் கிளப்பிவிட்ட விமானங்களில் ஏறிப் போனவர்கள் எல்லோரும் வீடு வந்து சேர்ந்தார்கள்.