சனிக்கிழமை மாப்பிள்ளை

நான் சாட்சி சொல்ல எழுந்தாலே வாயைப் பொத்திக்கொள்கிறவர்கள் நம் சபையில் உண்டு. இன்றைக்கும் சிரியுங்கள், தடையில்லை. ஆண்டவர் என் கோமாளித்தனத்தை வைத்துத்தான் இந்தக் காரியத்தைச் செய்தார்.

எண்பத்தொன்றாம் வருடம், மார்கழி மாதம். காலையில் காபி டம்ளரை நீட்டினேன். என் மனைவி சலோமி, "நீங்க யாரு?" என்று கேட்டாள். விளையாடுகிறாள் என்று நினைத்து, "ஜில்லா கலெக்டர்" என்றேன். பதறி எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஓரமாக நின்றாள். எவ்வளவு கெஞ்சியும் உட்காரவில்லை. வாழ்நாளில் என் பேச்சை அவள் அப்படியே நம்பியது அன்றைக்குத்தான். கொல்லைப்புறம் போய் அழுதேன்.

மூளை தேய்கிறது, மருந்து கிடையாது என்றார் மதுரை டாக்டர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தேனி பஜாரில் நான் பாத்திரக்கடையைத் திறந்தால், அவள் தெருவில் இறங்கி நடந்துவிடுவாள். ஒருநாள் லாரிக்கு முன்னால் போய் நின்றாள். வேறு வழியில்லாமல், காமயகவுண்டன்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த முதியோர் இல்லத்தில் சேர்த்தேன்.

அங்கே சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். தொட்டால் தட்டிவிட்டாள். இப்படியே போனால் உயிர் தங்காது என்றார்கள். நான் சனிக்கிழமைதோறும் கல்யாணப் போட்டோவைக் கொண்டுபோய், "இது யாரு, சொல்லு" என்று பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் மாதிரி பரீட்சை வைப்பேன். அவள் இன்னும் சுருங்கிப்போவாள்.

குமுளிப் பக்கத்து நர்ஸ் ஒருத்தி சொன்னாள்: "அச்சாயா, கேள்வி கேட்கண்டா. பக்கத்துல சும்மா இருந்தா மதி." கேட்க வேண்டாம், இருந்தால் போதும் என்பதை அவள் மலையாளத்தில் சொன்னாள்.

அது வரைக்கும், "அவளுக்கு என் முகத்தைக் காட்டும் ஆண்டவரே" என்று ஜெபித்து வந்தேன். பெரிய அழகுமுகம். அந்த வாரம் மாற்றிக் கேட்டேன்: "என்னைத் தெரியவேண்டாம். சந்தோஷமாக ஒரு வாய் சாப்பிட்டால் போதும்."

அடுத்த சனிக்கிழமை, வெள்ளைச் சட்டையும் கையில் பழப்பையுமாகப் போனேன். கொடிப்பந்தலின் இலைகள் வழியே வெயில் பச்சையாகச் சொட்டிக்கொண்டிருந்தது. எந்த வருடத்துக்குள் நடக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. பந்தலடியில் சலோமிக்குப் பக்கத்தில், அந்த இல்லத்திலேயே தங்கியிருந்த சுருளிப்பட்டி வீரணன் இருந்தார். அவருக்கும் அதே மறதி. மாதக்கணக்கில் யாரோடும் பேசாதவர். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொண்ணு பாக்க வந்தீகளா? தொணைக்கு ஆள் வரலையா?"

சலோமி சட்டென்று தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள். முகத்தில் வெட்கம். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்; அதுவே ஓர் அற்புதம்.

"தல நரச்சிருக்கே" என்றார் வீரணன்.

"பஸ்ஸுல வந்த தூசி மாமா."

"பல்லு?"

"அதையும் பஸ்ஸுலதான் விட்டுட்டேன்."

தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. ஒரு வருடமாக நான் கேட்காத சிரிப்பு.

நர்ஸ் அவள் கையில் கேசரித் தட்டைக் கொடுத்தாள். அவள் எல்லாருக்கும் வைத்தாள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். பெண் பார்க்கப் போன வீட்டில் சம்மதம் முடியாமல் கை நனைப்பதில்லையே.

"பொண்ணு சாப்பிட்டாத்தான் நான் கை நனைப்பேன்" என்றேன்.

வீரணன் அதட்டினார்: "ஆத்தா, மாப்ள காத்திருக்காக. ஒரு வாய் சாப்பிடு."

சாப்பிட்டாள். ஒரு வாய், இன்னொரு வாய், தட்டு காலியாகும்வரை. அதற்குப்பின்தான் நான் கை நனைத்தேன்.

நான் புறப்படும்போது அவள் வீரணன் காதில் ஏதோ சொல்ல, அவர் அறிவித்தார்: "யோசிச்சுச் சொல்லிவிடுறோம்."

அதற்குப்பின் வாராவாரம் நான் புது மாப்பிள்ளை. வாராவாரம் அதே பதில்தான். மற்ற நாட்களில் அவளும் வீரணனும் பந்தலடியில் உட்கார்ந்து என் குறைகளைப் பேசிப்பேசியே சாப்பிட்டார்கள். என் குறைகளுக்கா பஞ்சம்? அவள் உடம்பு தேறியது. மூன்று வருடம் சந்தோஷமாக இருந்து, கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். என் பெயர் அவளுக்குக் கடைசிவரை நினைவு வரவில்லை.

கடைசி மாதங்களில் ஒருநாள், சாப்பாட்டுக்கு முன் அவளே கண்மூடி ஜெபித்தாள்: "ஆண்டவரே, இவுக ரொம்ப நாளா அலையிறாக, பாவம். இவுகளுக்கு ஒரு நல்ல பொண்ணாக் குடுங்க."

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் உங்களை மறந்துபோனவர்கள் இருக்கலாம். நினைவுபடுத்திப் போராடாதீர்கள். அவர்கள் எந்தக் காலத்தில் இருக்கிறார்களோ, அங்கே போய் உட்காருங்கள். அங்கேயும் கர்த்தர் இருக்கிறார். நான் பார்த்தேன்.

அன்றைக்கு அவள் ஜெபத்துக்கு ஆமென் சொன்னேன். முப்பது வருடத்துக்கு முன்பே அவர் கொடுத்துவிட்டதை அவளிடம் சொல்லவில்லை.