கண்ணாடி மேஜையில் மூன்றாவது பட்டன்

இது நடந்தது. கதை கட்டி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். முழுதும் படித்துவிட்டுச் சிரியுங்கள், அவ்வளவுதான்.

அவள் பள்ளிச் சீருடை தைக்கிற கடையில் டெய்லர். அவள் கணவன் கடைகளுக்கு மருந்துப் பெட்டிகள் இறக்குகிற வேன் டிரைவர். அவனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. எங்கே போவதென்றாலும் வீட்டுக் கண்ணாடி மேஜைமேல் ஊரையே பரப்பிவிடுவான். உப்பு டப்பா ஒரு கடை, தீப்பெட்டி ஒரு கடை. நடுவில் பட்டனை நகர்த்தி நகர்த்தி எந்த வழியில் டீசல் மிச்சம் என்று பார்ப்பான். "இவருக்குத் தெருமுனைக்குப் போறதுக்கும் ஒரு மேஜை வேணும்" என்று அவள் கேலி செய்வாள்.

டூர் பிளானும் அந்த மேஜையில்தான் ஓடியது. முகலாயர் கட்டிய கோட்டை உள்ள அந்த வடக்கத்திப் பெருநகரத்துக்கு மூன்று நாள் பயணம். உப்பு டப்பா கோட்டை. கவிழ்த்த டம்ளர் ராஜாவின் கல்லறை. தீப்பெட்டி மூடி லாட்ஜ். நீலப் பட்டன் அவன், வெள்ளைப் பட்டன் அவள்.

இதே டூரை முன்பு மூன்று பேருக்குப் போட்டிருந்தார்கள். லீவு கிடைக்கவில்லை, தள்ளிப்போட்டார்கள். மறுபடியும் தள்ளிப்போட்டார்கள். பிறகு காய்ச்சல் வந்தது. அவர்களுடைய ஒரே மகள், ஏழு வயது, வாலு என்றுதான் கூப்பிடுவார்கள், அந்தக் காய்ச்சலில் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சே இல்லை. "சாப்டீங்களா?" "ம்." அதோடு சரி. அவன் சுவரைப் பார்த்துப் படுப்பான், அவள் விட்டத்தைப் பார்த்துப் படுப்பாள். இப்படியே போனால் ஒரு நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேனோ என்று அவளுக்கே பயம் வந்துவிட்டது. அந்தப் பயத்தில்தான் கேட்டாள், "அந்த ஊருக்குப் போய்ட்டு வரலாமா?"

அவன் எழுந்துபோய் உப்பு டப்பாவைக் கொண்டுவந்தான்.

அவள் மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவாள். அவன் சாயங்காலம் அவளுக்கு முன்னாலேயே வந்துவிடுவான். ஒருவர் இல்லாதபோது மற்றவர் மேஜையில் எதையாவது நகர்த்தி வைப்பார். பேச்சு வராதவர்களுக்கு அதுவே பேச்சாக இருந்தது.

ஒரு மதியம் மேஜையில் மூன்றாவதாக ஒரு பட்டன் இருந்தது. சிவப்பு. பூ வடிவம்.

அவள் அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். டூருக்கென்று வாலுவுக்கு அவள் தைத்த கவுனின் பட்டன் அது. வாங்கிய பட்டன் அட்டையில் ஆறுதான் இருந்தது, ஆறையும் தைத்துவிட்டாள். கடைசியில் அந்தக் கவுனைத்தான் போட்டு அனுப்பினார்கள். அன்று கவுனைப் போட்டுவிட்டு அவள் அறையைவிட்டு வெளியே வந்ததும், பிள்ளையைப் பார்க்க உள்ளே போனது அவன்தானே. ஞாபகத்துக்கு ஒன்றை அறுத்து வைத்துக்கொண்டிருக்கிறார், பாவம் என்று நினைத்தாள். கேட்டால் உடைந்துபோவான். கேட்கவில்லை.

அவனோ, இவள் டெய்லர் ஆயிற்றே, தைத்ததுபோக மிச்சமான பட்டனை எடுத்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தான். அவனும் கேட்கவில்லை. இப்படி ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டு இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

இரண்டு நாள் கழித்து சிவப்புப் பட்டன் கோட்டையைவிட்டுத் தள்ளிப் போயிருந்தது. பக்கத்தில் புதிதாக ஒரு பாட்டில் மூடி. அது என்னவென்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த ஊர் ரயில் மியூசியத்தில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிவரும் பொம்மை ரயில் உண்டு. வாலுவுக்குக் கோட்டையும் வேண்டாம், ராஜாவும் வேண்டாம், அது ஒன்று போதும்.

"ரயில் மியூசியத்துக்கும் போவோமா?" என்றாள் அன்று சாயங்காலம்.

"நானும் அதத்தான் நெனச்சேன்."

அவன் சிரித்தான். எத்தனையோ மாதம் கழித்து. அவளும் சிரித்துவிட்டு, சமையலறைக்குள் போய் அழுதாள்.

ஒன்று மட்டும் உறுத்தியது. அறுத்தெடுத்த பட்டனில் நூல் பிசிறு நிற்கும். இதில் அவள் போட்ட முடிச்சு, பட்டனுக்கடியில் நூல் சுற்றிய சுற்று, எல்லாம் அப்படியே இருந்தன. ஒரு இழைகூட அறுபடவில்லை. துணிதான் இல்லை...

கிளம்புவதற்கு முந்தின நாள் இருவருக்கும் லீவு. பட்டப்பகல். வெளிக்கதவு தாழிட்டிருந்தது. படுக்கையறையில் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள்.

டக்.

கூடத்திலிருந்து. கண்ணாடிமேல் பட்டன் வைக்கிற சத்தம்.

அவன் அவளைப் பார்த்தான். அவள் அவன் கைகளைப் பார்த்தாள். இரண்டு கையிலும் துணி.

டக்... டக்...

எட்டிப் பார்த்தார்கள்.

யாருமில்லை.

காலையில் லாட்ஜில் வைத்திருந்த மூன்று பட்டனும் இப்போது பொம்மை ரயிலுக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றன. சிவப்பு முன்னால்.

அவள்தான் கேட்டாள். "அந்தச் செவப்பு... அன்னிக்கு நீங்கதானே அறுத்து எடுத்தீங்க?"

"நானா? நீ மிச்சம் வெச்சதுன்னுல்ல நெனச்சேன்."

"மிச்சமே இல்லங்க. ஆறும் அவ மேலதான் இருந்துச்சு. கழுத்துப் பட்டன் வரைக்கும் நான்தான் போட்டுவிட்டேன். நான் வெளிய வந்தேன், நீங்க உள்ள போனீங்க..."

அவன் சுவரில் சாய்ந்தான்.

"போகல."

"என்ன?"

"உள்ள போகல. கதவுகிட்டயே நின்னுட்டேன். காலு வரல. அவ மூஞ்சிய நான் கடைசியா பாக்கவே இல்ல. இத உன்கிட்ட எப்படிச் சொல்வேன்?"

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். பிள்ளை போன அன்றுகூட அழாதவன், வாய்விட்டு அழுதான். இத்தனை மாதமும் சுவரைப் பார்த்துப் படுத்தது எதற்கென்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அவன் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அன்று அவள் வெளியே வந்த பிறகு அந்த அறைக்குள் வேறு யாரும் போகவில்லை. வெள்ளைத் துணியால் மூடித் தூக்கிப்போனதுதான். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"நான் போகல," என்றான் அவன். "அதான் அவளே வந்திருக்கா."

மறுநாள் காலை டாக்சி வந்து ஹார்ன் அடித்தது. அவள் சிவப்புப் பட்டனைப் பர்ஸில் எடுத்து வைக்கப் போனாள். மேஜையில் நீலமும் வெள்ளையும்தான் இருந்தன. மேஜைக்கு அடியில் தேடினாள். அவனும் குனிந்து தேடினான். கிடைக்கவில்லை.

 டாக்சியின் பின்சீட்டில் அவன் இந்த ஓரம், அவள் அந்த ஓரம். நடுவில் இடம் விட்டே உட்கார்ந்தார்கள்.