தாளிப்புக் கரண்டியில் ஈயம்

என் வீட்டுக்காரர் பிளம்பர். நான் விவேக் நகரில் ஒரு சின்ன ஸ்கூலில் இங்கிலீஷ் டீச்சர். அப்போது எனக்கு ஆறாம் மாசம். பிள்ளைகளுக்குத் தொழில்களின் பெயர் எப்படி வந்தது என்று பாடம் எடுக்கவேண்டியிருந்தது. நம்ம ஆளிலிருந்தே ஆரம்பிப்போமே என்று அகராதியைப் புரட்டினேன். பாழாய்ப்போன புத்தி, சும்மா இருந்ததா!

பிளம்பர் என்றால் லத்தீனில் காரீயத்தில் வேலை செய்கிறவனாம். ரோமாபுரியில் தண்ணீர்க் குழாயெல்லாம் காரீயம். போனில் இன்னும் கொஞ்சம் தேடினேன். மெல்ல ஏறும் விஷம், வயிற்றுப் பிள்ளையின் மூளையைக்கூடப் பாதிக்கும் என்று போட்டிருந்தது. இப்போதெல்லாம் பிளாஸ்டிக் குழாய்தானே என்று முதலில் சிரித்தேன். அப்புறம்தான் உறைத்தது. பழைய பங்களாக்களில் இரும்புக் குழாய் இணைப்புகளை அடைக்க இவர் இன்னும் அந்தக் காரீயத்தைத்தான் காய்ச்சி ஊற்றுகிறார்.

சாயங்காலம் வந்ததும் கேட்டேன். "ஏங்க, ஈயத்தை எதுல காய்ச்சுவீங்க?"

"நம்ம தாளிக்கிற கரண்டியிலதான். கைப்பிடி நீளம், சுடாது. புளி போட்டுத் தேய்ச்சுத்தானே திரும்ப வெக்கிறேன்?"

மாதாவே! மூணு மாசமாக அந்தக் கரண்டியில்தான் ரசத்துக்குக் கடுகு தாளிக்கிறேன். கரண்டியைத் தெருவில் வீசினேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். "ஒண்ணும் ஆகாது, சும்மா இரு டீச்சரம்மா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து இன்னும் எரிந்தது.

ஈயம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க ரத்தம் கொடுத்துவிட்டு வந்த நாலு நாளும் சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை குழந்தை இயேசு கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன், தீக்குச்சி மூணு தரம் அணைந்தது. ரிப்போர்ட்டில் ஈயம் கொஞ்சம் கூடுதல். டாக்டரம்மா, "பொறந்த பிறகு பாத்துட்டே இருக்கணும்" என்றார். எதைப் பார்ப்பது, எத்தனை வருஷம் பார்ப்பது, அதைச் சொல்லவில்லை.

மகள் பிறந்து எட்டு மாசம் ஆகிறது. காது கேட்கிறதா என்று தினமும் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கை தட்டுவேன். திரும்பினால்தான் எனக்கு மூச்சு வரும். "பைத்தியமா உனக்கு?" என்பார் அவர்.

நேற்று ஸ்கூலிலிருந்து சீக்கிரமே வந்தேன். கதவு திறந்திருந்தது. வேலை அழுக்கு போக வாசல் குழாயிலேயே குளித்த ஈரத்தோடு, மகளுக்குப் பின்னால் மண்டியிட்டு, அவர் மெதுவாகக் கை தட்டிக்கொண்டிருந்தார்.