எங்கள் அணியின் முதல் இறுதிப்போட்டி

எங்களுடையது சிறிய பல்கலைக்கழகம். ஆண்கள் கூடைப்பந்து அணியை மண் தரையில், ஒரே ஒரு வளையத்தோடு தொடங்கினோம். தொடக்கம் முதல் நான்தான் பயிற்சியாளர். பதினொரு ஆண்டுகள் தோற்றுத் தோற்று, முதல்முறையாக ஓர் இறுதிப்போட்டிக்கு வந்தோம். வள்ளியூரில் நடந்தது.

இன்னும் நான்கு நிமிடம். இரண்டு புள்ளி முன்னால் இருந்தோம். அணித்தலைவன் செல்வம், முக்கூடல்காரன், ஓரமாக வந்து நின்றான்.

"சார், நெஞ்ச அடைக்குது. செத்த நேரம் உக்காந்துக்கிடுதேன்."

"ஏலே, நாலு நிமிசந்தாம்லே. ஜெயிச்சிட்டு உக்காரு, போ," என்றேன்.

போனான். பந்தை வாங்கக் கை நீட்டியவன் அப்படியே குப்புற விழுந்தான்.

நான் கோட்டுக்கு வெளியிலேயே நின்றேன். எதிரணிப் பையன் ஒருவன்தான் பாய்ந்து வந்து அவனைப் புரட்டிப் போட்டு, இரண்டு கைகளாலும் நெஞ்சை அழுத்தத் தொடங்கினான். "யாராச்சும் ஆம்புலன்ஸக் கூப்பிடுங்கவே!" என்று அலறினான். நான் கைபேசியின் கடவுச்சொல்லை இரண்டு முறை தப்பாக அழுத்தினேன். செல்வம் செத்துவிடுவானோ என்று பயந்தேன். நான் சொன்னதை யாராவது கேட்டிருப்பார்களோ என்றும் பயந்தேன். அந்த இரண்டாவது பயத்தை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

பிழைத்துக்கொண்டான். மறுநாள் மருத்துவமனையில் அவன் அம்மா என் கைகளைப் பற்றிக்கொண்டார். "நீங்க கூட இருந்ததாலதான் சார் எம்பிள்ள பொழச்சான்."

கட்டிலில் கிடந்த செல்வம் என்னையே பார்த்தான்.

"இல்லம்மா. முடியலன்னு சொன்னான். நாந்தான் ஆட வச்சேன்."

அந்த அம்மா பைய என் கைகளை விட்டார்.

செல்வம் இப்போது ஆடுவதில்லை. ஆட்டத்தின் நடுவே எந்தப் பையன் ஓரத்துக்கு வந்தாலும் காரணம் கேட்காமல் உட்காரச் சொல்லிவிடுகிறேன்.