நெற்களத்துக்கு வந்த பந்து

நேற்று கச்சிராயப்பாளையம் சாலையில் யார் வீட்டிலோ நெல் அவித்தார்கள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும், இப்போது கல்யாண மண்டபமாகிவிட்ட பழைய ரைஸ்மில்லின் களத்தில் மனசு போய் நின்றது. ஆள் உயரத்துக்கு மேல் மதில், கால் சுடும் சிமெண்டுத் தரை, நாள் முழுக்க மிஷின் இரைச்சல். அதற்குள்தான் அம்மாவும் அவள் தோழி செல்வி அக்காவும் காயப்போட்ட நெல்லைக் காலால் துழாவிக்கொண்டே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடப்பார்கள். அக்கா கடலூரில் கல்லூரி அணிக்குக் கால்பந்து ஆடியவள். படிப்பைப் பாதியில் நிறுத்திக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். நெல்லில் அவள் கால் போட்ட கோடு மட்டும் நூல் பிடித்ததுபோல இருக்கும். நடந்தபடியே எனக்கு ஆட்டம் சொல்லிக்கொடுப்பாள். "கையால தொட்டா தப்புடா. அப்புறம் அது இன்னா ஆட்டம்?"

ஒருநாள் மதிலுக்கு அப்பாலிருந்த மைதானத்திலிருந்து பந்து ஒன்று பறந்து வந்தது. அக்காவின் கால் தானாக நீண்டது. பந்து அவள் பாதத்தில் ஒட்டியதுபோல நின்றது.

"ஒதைடி, மதிலத் தாண்டட்டும்" என்று சிரித்தாள் அம்மா.

அக்கா புடவையைச் சற்றே தூக்கினாள்.

நிழலில் நெல் புடைத்துக்கொண்டிருந்த அவள் மாமியார், "இன்னாடி, ஆம்பள மாதிரி காலத் தூக்கிக்கினு நிக்கிற? நெல்ல யாரு தொழாவறது?" என்றாள்.

வெளியே பையன்கள் பந்தைக் கேட்டுக் கத்திக்கொண்டே இருந்தார்கள். அக்கா புடவையை இறக்கிவிட்டாள். குனிந்து, பந்தை இரண்டு கைகளாலும் எடுத்து என்னிடம் கொடுத்தாள்.