தரையில் பட்ட பந்து

உடையார்பாளையத்தில் நடந்த பெண்கள் வாலிபால் இறுதிப் போட்டி அது. நான் திருமானூர் அணியின் பின்வரிசையில், எதிரணி அடிக்கும் பந்தைக் கீழே விழாமல் எடுக்கும் இடத்தில் ஆடினேன். இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் கோப்பை எங்களுக்கு.

எதிரணித் தலைவி செல்வி அடித்த பந்து எனக்கு முன்னால் சட்டென்று இறங்கியது. நான் பாய்ந்து விழுந்து, உள்ளங்கையைத் தரையோடு ஒட்டி நீட்டினேன். புறங்கையில் பட்டு எழும்பியிருந்தால் அது நல்ல பந்து. ஆனால் என் விரல் நுனிக்கு முன்னால் தரையில் பட்டுத்தான் எழும்பியது. எனக்கு நன்றாகத் தெரியும். நடுவர் விசில் ஊதவில்லை. எங்கள் ஆள் அதையே அடித்துப் புள்ளி எடுத்துவிட்டாள்.

செல்வியின் அணி நடுவரிடம் சண்டைக்குப் போனது. அவள் மட்டும் வலையருகே வந்து என்னிடம் கேட்டாள்.

"பந்து தரையில பட்டுச்சாங்க? நீங்க சொன்னா நாங்க ஒத்துக்குறோம்."

"படலீங்க."

உடனே திரும்பி, "விடுங்கடி, படலையாம்" என்றாள்.

கோப்பையை வாங்கும்போது எனக்கு மகிழ்ச்சியும் இல்லை, உறுத்தலும் இல்லை. செல்வி கைக்குட்டையில் ஐஸைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"கை வலிக்குதாங்க? நானா இருந்தா அந்தப் பந்த எடுத்திருக்கவே மாட்டேன்."

"வலிக்கலீங்க" என்றேன். அது உண்மைதான். எதுவுமே வலிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து போன் செய்து அவளிடம் நடந்ததைச் சொன்னேன்.  அவள் "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

இப்போதெல்லாம் பந்து தரையில் பட்டால் விசிலுக்கு முன்பே நானே கையைத் தூக்கிவிடுகிறேன். அதற்காக யாராவது பாராட்டினால், பந்தை எதிரணிப் பக்கம் உருட்டிவிட்டு என் இடத்துக்குப் போய்விடுகிறேன்.