பிரவுனிக்குச் சுட்ட பிஸ்கட்

எங்கள் ரப்பர் தோட்டத்துத் துரையின் நாய் பிரவுனிக்கு உடம்பு பெருத்துப்போய், படியேறினாலே மூச்சு வாங்கியது. கடை பிஸ்கட்டை நிறுத்திவிட்டு வீட்டிலேயே ஏதாவது செய்து கொடுக்கும்படி மிருக வைத்தியர் சொல்லிவிட்டார். பங்களாவில் சமைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு அதனால் ஒரு வேலை கூடியது. அவித்த பூசணிக்காயை மசித்து, குரக்கன் என்கிற கேழ்வரகு மாவும் முட்டையும் சேர்த்து, வேகவைத்த ஈரலைப் பொடியாக நறுக்கிப் போட்டு, உப்பும் சீனியும் இல்லாமல் ஓவனில் சுட்டெடுப்பாள். பிரவுனி வாசனை பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் படுத்திருக்கும். பள்ளிக்கூடம் விட்டு நேரே அங்கே போகிற நானும் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். பிஸ்கட் அதற்கு மட்டும்தான் கிடைக்கும்.

அன்று நான் போனபோது பிரவுனி பின்வாசலில் சரிந்து கிடந்தது. வாந்தி எடுத்திருந்தது. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. துரை கொழும்புக்குப் போயிருந்தார். அவர் மனைவியை நாங்கள் நோனா என்போம். நோனா அவிசாவளை வைத்தியருக்குப் போன் பண்ணிவிட்டு, தட்டில் மீதமிருந்த பிஸ்கட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சிங்களத்தில், சத்தமே உயராமல், மாவை எங்கிருந்து எடுத்தாய் என்று அம்மாவிடம் கேட்டார்.

சாமான் அறை அலுமாரியில் இருந்த புது டின்னிலிருந்து என்றாள் அம்மா.

எலி மருந்தும் அந்த அலுமாரியில்தானே இருக்கிறது என்றார் நோனா. நாய்க்கு ஏதாவது ஆனால் துரை போலீசுக்குப் போகாமல் விடமாட்டார் என்றும் சொன்னார்.

அம்மா தட்டை எடுத்தாள். ஒரு பிஸ்கட்டை வாயில் போட்டு, நோனாவைப் பார்த்தபடியே மென்று விழுங்கினாள். அடுத்ததையும் எடுத்தாள். நோனா வேண்டாமென்று சொல்லவில்லை. அம்மாவே தின்கிறாள், இன்றைக்காவது எனக்கும் ஒன்று கிடைக்கும் என்று நான் கையை நீட்டினேன். கன்னத்தில் பளீரென்று ஒரு அடி விழுந்தது.

“தொடாத. தள்ளிப் போ.”

அம்மா என்னை அதற்கு முன் அடித்ததே இல்லை. தட்டு காலியாகும்வரை அவள் நிறுத்தவில்லை.

வைத்தியர் வரும்வரை அம்மா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, சம்பந்தமே இல்லாமல் என்னென்னவோ சொன்னாள்.

“தம்பிக்கு ராத்திரியில இருமல் வந்தா கொத்தமல்லி அவிச்சுக் குடு. ஒன்னோட வெள்ளைச் சட்டை பெட்டியில அடியில இருக்கு. அப்பா கோவப்பட்டா எதிர்த்துப் பேசாத, என்ன?”

எனக்குக் கன்னம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஒன்றுகூடத் தராமல் எல்லாவற்றையும் தின்றுவிட்டு இப்போது என்ன பேச்சு என்றிருந்தது. அம்மா தன் வயிற்றைத் தடவுவதும், நாயைப் பார்ப்பதும், மறுபடி வயிற்றைத் தடவுவதுமாக இருந்தாள். நிறையத் தின்றதால் வலிக்கிறது என்று நினைத்தேன்.

வைத்தியர் வந்து ஊசி போட்டார். வாந்தியை ஒரு குச்சியால் கிளறி, கசங்கிய வெள்ளித்தாள் ஒன்றை வெளியே இழுத்தார். சொக்லட் தாள். நாய்க்கு அது விஷம், யார் கொடுத்தது என்று கேட்டார். காலையில் வந்து போயிருந்த நோனாவின் தங்கைப் பிள்ளைகள் பையில் சொக்லட் வைத்திருந்தார்களாம். நோனா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் பிரவுனியின் கால்கள் அடங்கின. தலையைத் தூக்கித் தண்ணீர் குடித்தது. இனிப் பயமில்லை என்று வைத்தியர் பையை மூடினார். நோனா உள்ளே போய், தன் கையாலேயே தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினார்.

அம்மா கோப்பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். தோள்கள் குலுங்கின. எனக்கு இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. அவள் முதுகைத் தடவிக்கொடுத்துத் தைரியம் சொன்னேன்.

“அழாதம்மா. பிரவுனி சாகாது. டாக்டர்தான் சொல்லிட்டாரே.”